பஞ்ச காலத்துப் பழக்கங்கள்: இயங்குதளங்கள் வளர்ந்த கதை

1950களின் தொடக்கத்தில் கணினி வாங்கிய நிறுவனத்துக்கு இயங்குதளம் என்று எதுவும் கூடவே வரவில்லை. இயந்திரம் வந்தது, அதைப் பொருத்தித் தரப் பொறியாளர்கள் வந்தார்கள், தடித்த கையேடுகள் வந்தன, அவ்வளவுதான். நிரலை நினைவகத்தில் ஏற்றுவது, காந்த நாடாவைச் சுழற்றுவது, அச்சுப்பொறியை இயக்குவது எல்லாமே நிரல் எழுதியவர் பாடு. கணினி அறைக்கு வெளியே ஒரு பதிவேடு இருக்கும். அதில் பெயர் எழுதி நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும். குறைந்தபட்ச ஒதுக்கீடு பெரும்பாலும் 15 நிமிடம். அதில் சுமார் 10 நிமிடம் நாடாவை மாட்டுவதிலும் அட்டைகளை அடுக்குவதிலும் சுவிட்சுகளைச் சரிபார்ப்பதிலுமே போய்விடும். மாதம் பல ஆயிரம் டாலர் வாடகை வாங்கிய இயந்திரம், அந்த 10 நிமிடமும் ஒன்றும் செய்யாமல் காத்துக்கிடந்தது.

இந்த விரயத்தைப் பொறுக்க முடியாமல் போனவர்கள் கணினி தயாரித்தவர்கள் அல்லர், அதற்கு வாடகை கட்டியவர்கள். ஐபிஎம் 704 இயந்திரத்துக்காக 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் பேட்ரிக்கும், விமானம் தயாரித்த நார்த் அமெரிக்கன் ஏவியேஷனின் ஓவன் மாக்கும் சேர்ந்து ஒரு மென்பொருளை அமைத்தார்கள். ஒருவருடைய நிரல் ஓடி முடிந்ததும், மனிதக் கை படாமலேயே அடுத்தவர் நிரலை நாடாவிலிருந்து எடுத்து ஓட்டுவது அதன் வேலை. முதல் இயங்குதளம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதைத்தான். சுமார் 40 இடங்களில் அது பயன்பட்டது. கார் கம்பெனியும் விமானக் கம்பெனியும் எழுதிக்கொண்ட ஒன்றைக் கணினிக் கம்பெனிகள் பிறகுதான் தங்கள் சரக்காக்கிக்கொண்டன.

வன்பொருளுக்கும் பயனருக்கும் இடையில் நின்று இரண்டையும் நிர்வகிக்கும் மென்பொருளே இயங்குதளம் என்று பாடப்புத்தகங்கள் வரையறுக்கின்றன. வரையறையில் பிழையில்லை. ஆனால் வன்தட்டுக்கு ஏன் ‘சி’ என்று பெயர், விண்டோஸில் ஒருபக்கம் சாயும் கோடு லினக்ஸில் ஏன் மறுபக்கம் சாய்கிறது, கட்டளைகள் ஏன் இரண்டெழுத்தில் முடிந்துபோகின்றன என்று கேட்கும் மாணவருக்கு அந்த வரையறை உதவாது. இயங்குதளத்தின் அடிப்படைகள் என்று இன்று மனப்பாடம் செய்யப்படுபவற்றில் பாதிக்கு மேல், எப்போதோ ஒரு தட்டுப்பாட்டைச் சமாளிக்க யாரோ எடுத்த முடிவுகள். தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது, முடிவு மட்டும் நின்றுவிட்டது.

முதல் தட்டுப்பாடு இயந்திர நேரம். அதற்குக் கண்ட வழி, வேலைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து ஓட்டுவது. மாணவரும் ஆய்வாளரும் நிரலை 80 பத்திகள் கொண்ட அட்டைகளில் துளையிட்டுக் கொடுப்பார்கள். ஐபிஎம் 1401 போன்ற சிறிய கணினி அட்டைகளைப் படித்து நாடாவில் ஏற்றும். 7090 போன்ற பெரிய இயந்திரம் அந்த நாடாவை மட்டும் படித்துக் கணக்குப் போட்டு, விடையை வேறொரு நாடாவில் எழுதும். அந்த நாடாவைத் திரும்பச் சிறிய கணினியிடம் கொண்டுவந்து அச்சிடுவார்கள். விலை உயர்ந்த இயந்திரம் அட்டை படிப்பவனுக்காகவோ அச்சடிப்பவனுக்காகவோ காத்திருக்கக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் குறி. மனிதர்கள் காத்திருக்கலாம், அவர்களுக்கு வாடகை குறைவு. கான்பூர் ஐஐடியில் 1963இல் ஐபிஎம் 1620 வந்து, பின்னர் 7044உம் 1401உம் சேர்ந்தபோது இந்தியாவிலும் ஒரு தலைமுறை இப்படித்தான் கணினி கற்றது. சென்னை ஐஐடிக்கு 1973இல் ஐபிஎம் 370/155 வந்தது. அங்கேயும் அட்டைக்கட்டுதான்.

அட்டைக்கட்டில் நிரல் மட்டும் இருந்தால் போதாது. அது யாருடைய வேலை, எந்த மொழிபெயர்ப்பியை அழைக்க வேண்டும், தரவு எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் அட்டைகளும் வேண்டும். ஐபிஎம் 360 வரிசையில் அந்த அட்டைகளின் முதல் இரண்டு பத்திகளிலும் சாய்வுக்கோடு இருக்கும். வேலையின் பெயருக்கு ஓர் அட்டை, ஓட்ட வேண்டிய நிரலுக்கு ஓர் அட்டை, ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அட்டை. ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் மொத்தக் கட்டும் திரும்பி வரும். திரும்பி வருவது மறுநாளாகவும் இருக்கலாம். அட்டைக்கட்டைக் கைதவறிக் கீழே போட்டவரின் நிலைமை அதைவிட மோசம். இந்தக் கட்டளை மொழி இன்றும் பெரிய வங்கிகளின் மெயின்பிரேம்களில் உயிரோடு இருக்கிறது. அட்டை ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆகியும் வரிகள் 80 பத்திக் கணக்கிலேயே எழுதப்படுகின்றன.

ஐபிஎம் 360 வரிசை 1964 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்டது. சிறிய இயந்திரத்தில் எழுதிய நிரல் பெரிய இயந்திரத்திலும் அப்படியே ஓட வேண்டும் என்ற வாக்குறுதிதான் அதன் பெருமை. அதற்கு ஒரே இயங்குதளம் தேவைப்பட்டது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ், ஆள் மேல் ஆள் சேர்த்தும் காலக்கெடு நழுவிக்கொண்டே போனதைக் கண்டார். தாமதமான மென்பொருள் பணியில் புதிதாக ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று அவர் 1975இல் எழுதிய புத்தகத்தின் வாதம் அங்கே பிறந்தது. இயங்குதளம் என்பது கணினியோடு இலவசமாக வரும் துணைப்பொருள் அல்ல, கணினியைவிடக் கட்டுவதற்குக் கடினமான பொருள் என்று தொழிலுக்குப் புரிந்தது அப்போதுதான்.

இயந்திரம் காத்திருக்கக் கூடாது என்ற கொள்கையைத் தலைகீழாக்கியது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961 நவம்பரில் ஐபிஎம் 709 ஒன்றில் நேரப் பகிர்வு முறையைச் செய்துகாட்டியது. ஒரே கணினியில் பல தட்டச்சு முனையங்கள். இயந்திரம் ஒவ்வொருவருக்கும் சிறு துணுக்கு நேரம் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் தாவும். தாவும் வேகத்தில் ஒவ்வொருவருக்கும் இயந்திரம் தனக்கு மட்டும் சொந்தம் என்ற எண்ணம் வரும். பின்னாளில் அது ஓடிய 7094 இயந்திரத்தில் நினைவகம் இரண்டு அடுக்குகளாக இருந்தது. ஓர் அடுக்கில் மேற்பார்வை நிரல் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். மற்றதில் பயனர்களின் நிரல்கள் மாறிமாறி வந்துபோகும். மேற்பார்வை நிரல் குடியிருக்கும் பகுதியைப் பயனரின் நிரல் தொட முடியாது. கெர்னல் என்று இன்று சொல்லப்படுவதற்கு இருக்கும் தனி உரிமைகள் இந்த மாதிரியான பிரிவினையிலிருந்து வளர்ந்தவை.

பலர் பகிர்ந்தால் பங்குச் சண்டை வரும். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம், வட்டில் இவ்வளவு இடம் என்று அளவு வைத்தார்கள். ஒருவர் கணக்கில் மற்றவர் நுழையாமல் இருக்கக் கடவுச்சொல் வைத்தார்கள். கணினிக் கடவுச்சொல்லின் வரலாறு இங்கே தொடங்குகிறது என்றால், அது களவு போன வரலாறும் உடனே தொடங்கிவிடுகிறது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள். அவர் ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்புகளை அச்சிட அட்டை மூலம் விண்ணப்பிக்கும் வசதி இருந்தது. 1962இல் அவர் கடவுச்சொல் கோப்பின் பெயரை அட்டையில் துளையிட்டுக் கொடுத்தார். அச்சு நகல் கைக்கு வந்தது. இதை அவர் வெளியே சொன்னது கால் நூற்றாண்டுக்குப் பிறகு.

அடுத்த சம்பவத்தில் களவே இல்லை. முனையத்தில் நுழைகிறவர்களுக்கு அன்றைய அறிவிப்பு ஒன்று அச்சாகும். அந்த அறிவிப்பும் கடவுச்சொற்களும் தனித்தனிக் கோப்புகளாக ஒரே இடத்தில் இருந்தன. திருத்தும் நிரலோ தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைத்தது. ஓரிடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் திருத்துவார் என்று அதை எழுதியவர் நினைத்திருக்கிறார். 1960களின் நடுவில் ஒருநாள் நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் திருத்த உட்கார்ந்தார்கள். ஒருவர் கையில் அறிவிப்பு, மற்றவர் கையில் கடவுச்சொல் பட்டியல். தற்காலிகக் கோப்புகள் இடம் மாறின. அதன்பிறகு உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக அனைவரின் கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. இரண்டு பேர் ஒரே வளத்தைத் தொடும்போது என்ன ஆகும் என்பது இயங்குதளப் பாடத்தின் மையக் கேள்விகளில் ஒன்று. அதை விளக்க இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைப்பது அரிது.

நேரப் பகிர்வு கண்ட வெற்றியின் சூட்டில் 1960களின் நடுவில் மாசசூசெட்ஸ் கழகம், ஜெனரல் எலக்ட்ரிக், பெல் ஆய்வுக்கூடம் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பெரிய திட்டத்தில் இறங்கின. மின்சாரம், தண்ணீர்போல ஒரு நகரம் முழுவதற்கும் கணிப்பு ஆற்றலை வழங்குவது கனவு. கோப்புறைக்குள் கோப்புறை என்று மரமாக விரியும் அடுக்குமுறை மல்டிக்ஸ் தந்த கொடை. ஆனால் வேலை இழுத்துக்கொண்டே போனது. 1969இல் பெல் ஆய்வுக்கூடம் விலகிக்கொண்டது. மல்டிக்ஸ் தோற்றுப்போன திட்டம் என்று எழுதிவிடுவது வழக்கம். அது முழு உண்மையில்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பாதுகாப்புத் துறையிடம் இருந்த கடைசி மல்டிக்ஸ் இயந்திரம் 2000 அக்டோபர் 30 வரை ஓடியது.

பெல் ஆய்வுக்கூடத்தில் கைக்கு இயந்திரம் இல்லாமல் நின்றவர்களில் ஒருவர் கென் தாம்சன். சூரியக் குடும்பத்தில் விண்கலம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை அவர் எழுதியிருந்தார். அலுவலகத்தின் பெரிய கணினியில் அதை ஒருமுறை விளையாடினால் கணக்கில் சுமார் 75 டாலர் ஏறியது. மூலையில் அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 என்ற சிறிய இயந்திரத்துக்கு விளையாட்டை மாற்றினார். அதற்காகக் கருவிகள் எழுத நேர்ந்தது. கருவிகள் சேர்ந்து ஓர் இயங்குதளத்தின் எல்லையை எட்டின. 1969 கோடையில் மனைவியும் கைக்குழந்தையும் சொந்தக்காரர்களைப் பார்க்கக் கலிபோர்னியா போயிருந்த சில வாரங்களில், கெர்னலுக்கு ஒரு வாரம், கட்டளைகளை வாங்கும் ஷெல்லுக்கு ஒரு வாரம், திருத்திக்கு ஒரு வாரம், அசெம்பிளருக்கு ஒரு வாரம் என்று ஒதுக்கி எழுதி முடித்தார். யூனிக்ஸ் பிறந்தது இப்படித்தான்.

தாம்சனும் அவருடைய சக ஊழியர் டென்னிஸ் ரிச்சியும் புது இயந்திரம் கேட்டால் நிர்வாகம் இயங்குதளம் என்ற பேச்சையே கேட்கத் தயாராக இல்லை. மல்டிக்ஸில் பட்ட சூடு ஆறவில்லை. ஆவணங்களைத் தட்டச்சு செய்து வடிவமைக்கும் கருவி செய்து தருகிறோம் என்று சொல்லி பிடிபி-11 வாங்கினார்கள். காப்புரிமைப் பிரிவின் தட்டச்சர்கள் மூன்று பேர் அதில் விண்ணப்பங்களை அடிக்கத் தொடங்க, அதே இயந்திரத்தில் இவர்கள் யூனிக்ஸை வளர்த்தார்கள். இயந்திரத்தின் மொத்த நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்கு, 8 பயனருக்கு. வட்டு 512 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட இன்று இந்த வட்டில் அடங்காது.

யூனிக்ஸின் குணங்கள் இந்த ஏழ்மையிலிருந்து வந்தவை. முனையம் என்பது டெலிடைப், அதாவது நொடிக்கு 10 எழுத்து அடிக்கும் தட்டச்சு இயந்திரம். விசைகளை அழுத்த விரல் வலிக்கும். அதனால் பட்டியலிடும் கட்டளை ‘எல்எஸ்’, நகலெடுக்கும் கட்டளை ‘சிபி’, நகர்த்தும் கட்டளை ‘எம்வி’ என்று இரண்டெழுத்தில் முடிந்தன. கட்டளை வெற்றி பெற்றால் யூனிக்ஸ் ஒன்றும் சொல்லாது. பிழை இருந்தால் மட்டும் வாய் திறக்கும். புதிதாகக் கற்பவரை இந்த மௌனம் மிரட்டும். நொடிக்கு 10 எழுத்தில் ‘வேலை முடிந்தது’ என்று அடித்து முடிக்கக் காத்திருந்தவர்களுக்கு அதுவே வசதி. எழுத்தைக் குறைக்கும் ஆசை எல்லை மீறியதும் உண்டு. கோப்பு உருவாக்கும் அழைப்பின் பெயரில் கடைசி ‘இ’ எழுத்தையும் வெட்டிவிட்டார் தாம்சன். யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த ‘இ’யைச் சேர்ப்பேன் என்றாராம்.

நினைவகம் சிறிதாக இருந்ததால் பெரிய நிரல் எழுத முடியாது. சிறிய நிரல்கள்தான் சாத்தியம். அதே ஆய்வுக்கூடத்தின் டக் மெக்கில்ராய் வெகுநாளாக ஒரு யோசனை சொல்லிவந்தார்: ஒரு நிரலின் வெளியீட்டை நேரே அடுத்த நிரலின் உள்ளீடாகக் கொடுக்க வழி வேண்டும். 1973 தொடக்கத்தில் தாம்சன் அதை ஒரே இரவில் செய்துமுடித்தார். செங்குத்துக் கோடு ஒன்றை நடுவில் போட்டால் போதும். ஒரு நிரல் வரிகளைத் தேடும், அடுத்தது அகரவரிசைப்படுத்தும், அதற்கடுத்தது எண்ணிச் சொல்லும். முனையம், அச்சுப்பொறி எல்லாமே கோப்பைப் போலவே திறந்து படித்து மூடக்கூடியவை என்ற முடிவும் இதோடு சேர்ந்தபோது, யூனிக்ஸ் கற்பது என்பது சில சிறு சொற்களைக் கற்று வாக்கியம் அமைப்பது போலானது.

அதே 1973இல் யூனிக்ஸின் கெர்னல், ரிச்சி உருவாக்கிய சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது. அதுவரை இயங்குதளம் என்பது ஓர் இயந்திரத்தோடு பிறந்து அதோடு சாவது. இனிமேல் வேறு இயந்திரத்துக்கும் கொண்டுபோகலாம். கொண்டுபோகவும் செய்தார்கள், காரணம் ஒரு வழக்கு. அமெரிக்க அரசோடு 1956இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பெல் ஆய்வுக்கூடத்தின் உரிமையாளரான ஏடி அண்ட் டி தொலைபேசித் தொழிலுக்கு வெளியே வியாபாரம் செய்யக் கூடாது. விற்க முடியாத சரக்கைப் பல்கலைக்கழகங்களுக்குச் சிறு தொகைக்கு மூலநிரலோடு கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் அந்த மூலநிரலுக்கு வரிவரியாக உரை எழுதி மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். பிறகு உரிமம் கெடுபிடியானபோது அந்த உரைநூல், நகலுக்கு நகல் எடுத்து மங்கிய தாள்களாக உலகம் சுற்றியது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் யூனிக்ஸைத் தன் போக்கில் வளர்த்தது. 1983இல் அது வெளியிட்ட பதிப்பின் மூலம் இணையத்தின் நெறிமுறைகள் பல்கலைக்கழகங்களுக்குள் பரவின.

மேசைக் கணினியின் கதை வேறு பாதையில் போகிறது. 1974இல் கேரி கில்டால் இன்டெல் 8080 சில்லுக்காக சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதினார். அப்போது சிறு கணினிகளை ஆளுக்கொரு விதமாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தைத் திருத்திச் சலித்த கில்டால், வன்பொருளைத் தொடும் பகுதியைத் தனியே பிரித்து அதற்கு பயாஸ் என்று பெயரிட்டார். புது இயந்திரத்துக்கு அந்தச் சிறு பகுதியை மட்டும் மாற்றினால் போதும். பின்னாளில் கணினியை இயக்கும்போது முதலில் எட்டிப்பார்த்த பெயர் அங்கிருந்து வந்தது. ஃபிளாப்பி இயக்கிகளுக்கு ‘ஏ’, ‘பி’ என்ற எழுத்துகள், கோப்பின் பெயருக்கு எட்டெழுத்து, வகைக்கு மூன்றெழுத்து என்ற கட்டுப்பாடு ஆகியவையும் சிபி/எம் பழக்கிவிட்டவை.

ஐபிஎம் தன் தனிநபர் கணினியை 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்டபோது அதற்கான டாஸ் என்ற இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் அதை எழுதவில்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் சிபி/எம் பாணியில் எழுதியிருந்ததை வாங்கித் திருத்தியது. கில்டாலின் இயங்குதளமும் அதே கணினிக்கு விற்பனைக்கு வந்தது, 240 டாலருக்கு. மைக்ரோசாஃப்டுடையது 40 டாலர். ஐபிஎம் பேச வந்தபோது கில்டால் விமானம் ஓட்டப் போனதால் வாய்ப்பை இழந்தார் என்ற கதை சுவையானது. ஆனால் போட்டியைத் தீர்த்தது இந்த விலைப்பட்டியல்தான். மைக்ரோசாஃப்ட் செய்த கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில் இருந்தது. டாஸை மற்ற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையை அது ஐபிஎம்மிடம் விட்டுக்கொடுக்கவில்லை. ஐபிஎம்மைப் போன்றே இயங்கும் நகல் கணினிகள் புற்றீசலாகக் கிளம்பியபோது ஒவ்வொன்றிலும் டாஸ் ஏறியது.

முதல் டாஸில் கோப்புறையே கிடையாது. 160 கிலோபைட் ஃபிளாப்பியில் எத்தனை கோப்பு இருந்துவிடப் போகிறது? 1983இல் 10 மெகாபைட் வன்தட்டோடு புது மாதிரி வந்தபோது இரண்டு சிக்கல்கள் எழுந்தன. வன்தட்டுக்குப் பெயர் வேண்டும். ‘ஏ’யும் ‘பி’யும் ஃபிளாப்பிக்குப் போய்விட்டன, ‘சி’ மிஞ்சியது. ஆயிரக்கணக்கான கோப்புகளை அடுக்கக் கோப்புறை வேண்டும். அதை யூனிக்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். யூனிக்ஸ் கோப்புறைகளைப் பிரிக்கச் சாய்வுக்கோட்டைப் பயன்படுத்தியது. டாஸில் அந்தக் கோடு கட்டளைகளுக்கான விருப்பங்களைச் சொல்ல ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தது. எனவே எதிர்ப்புறம் சாயும் கோட்டைப் பிடித்தார்கள். ஃபிளாப்பி மறைந்து வெகுகாலம் ஆகியும் வன்தட்டு ‘சி’யில்தான் தொடங்குகிறது, கோடும் எதிர்ப்புறமே சாய்கிறது.

இதேபோல இன்னொரு மிச்சம். ‘கான்’ என்ற பெயரில் விண்டோஸில் கோப்புறை உருவாக்க முடியாது. இதற்குக் காரணம் பில் கேட்ஸுக்கே தெரியாது என்று ஒரு மின்னஞ்சல் இந்தியாவில் வருடக்கணக்கில் சுற்றியது. காரணம் எளிது. கன்சோலைக் குறிக்கும் ‘கான்’, அச்சுப்பொறியைக் குறிக்கும் ‘பிஆர்என்’ ஆகியவை டாஸில் சாதனங்களின் பெயர்கள். கோப்புறை இல்லாத காலத்தில் ஒதுக்கிய பெயர்கள் ஆதலால் எந்தக் கோப்புறைக்குள்ளும் அவை சாதனத்தையே குறிக்கும். வரி முடிவிலும் ஒரு தகராறு உண்டு. டெலிடைப்பில் அச்சுத்தலை இடக்கோடிக்குத் திரும்புவது ஒரு செயல், தாள் ஒரு வரி நகர்வது இன்னொரு செயல். டாஸ் இரண்டு குறிகளையும் கோப்பில் வைத்தது, யூனிக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. லினக்ஸில் எழுதிய கோப்பை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால் எல்லா வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாகத் தெரிந்தது இதனால்தான். 2018இல்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது.

தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்குக் கணினி வந்துசேர்ந்தது டாஸ் ஆண்ட காலத்தின் கடைசியில். 1990களில் தெருவுக்குத் தெரு முளைத்த பயிற்சி மையங்களில் செருப்பை வெளியே விட்டுக் குளிர்சாதன அறைக்குள் போய், ஃபிளாப்பியைச் செருகி இயந்திரத்தை எழுப்புவது முதல் பாடம். கோப்புகளைப் பட்டியலிடுவது, நகலெடுப்பது, கோப்புறை மாறுவது, தட்டை வடிவமைப்பது என்று கட்டளைகள் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்யப்பட்டன. கை மாறிய ஃபிளாப்பிகளில் வைரஸும் மாறியது. இயந்திரம் விழித்ததும் தட்டின் முதல் பகுதியைக் கேள்வி கேட்காமல் படித்து ஓட்டிவிடும் என்பதைப் பயன்படுத்திய முதல் வைரஸ்களில் ஒன்றான ‘பிரெய்ன்’ 1986இல் லாகூரில் எழுதப்பட்டது.

கட்டளையை அடிக்காமல் படத்தைச் சுட்டும் முறை ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் 1973லேயே ஆல்டோ கணினியில் இருந்தது. ஆப்பிள் அதைக் கண்டு 1984 ஜனவரி 24 அன்று மெக்கின்டாஷை 2,495 டாலருக்குக் கொண்டுவந்தது. அதன் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே வைக்கப்படவில்லை. மவுஸைத் தொடாமல் தப்பிக்க யாருக்கும் வழி விடக் கூடாது என்பது திட்டம். 1985 நவம்பரில் வந்த விண்டோஸின் முதல் பதிப்பு, சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய விடாமல் ஓடு பாவியதைப்போலப் பக்கம்பக்கமாக வைத்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 1990இன் மூன்றாம் பதிப்புதான் விற்றது. அதில் இருந்த சீட்டாட்டம் மவுஸால் பொருளைப் பிடித்து இழுக்கப் பழக்கியது என்று சொல்வதுண்டு. 1995 ஆகஸ்ட் 24 அன்று வந்த விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்தது. ஆனாலும் அடியில் பழைய எட்டெழுத்துப் பெயர் ஒன்றையும் ரகசியமாக வைத்துக்கொண்டது. அலைக்குறியும் எண்ணும் வால்போல ஒட்டிய வினோதப் பெயர்கள் அப்படித்தான் அவ்வப்போது வெளியே தலைகாட்டின.

இதற்கிடையே டேவ் கட்லர் தலைமையில் 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி, டாஸின் மேல் நிற்காமல் அடிப்படையிலிருந்து புதிதாகக் கட்டப்பட்டது. ஒரு நிரல் தடுமாறினால் மொத்த இயந்திரமும் உறையாமல் இருக்க நினைவகப் பாதுகாப்பு, பயனருக்குப் பயனர் உரிமைகள், உள்ளுக்குள் யூனிகோடு எல்லாம் அதில் இருந்தன. வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று ஓடிய இரண்டு வரிசைகளும் 2001இல் எக்ஸ்பியில் ஒன்றாயின.

தமிழுக்கு இந்த மாற்றம் பெரியது. விண்டோஸ் 95 காலத்தில் தமிழில் தட்டச்சு செய்வது என்றால், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் போட்டுவைத்த எழுத்துருவில் அடிப்பது. ஒவ்வொரு பத்திரிகையும் மென்பொருளும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் புரியாத குறிகளின் குப்பை. யூனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. இடம் மட்டும் போதவில்லை. ‘கொ’ என்று அடித்தால் கோப்பில் ‘க’வும் அதன் பின்னால் ஒகரக் குறியும் சேமிக்கப்படும், திரையிலோ ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இந்தப் பிரிப்பையும் இடமாற்றத்தையும் ஒவ்வொரு நிரலும் தனித்தனியே செய்ய முடியாது. இயங்குதளம்தான் செய்ய வேண்டும். விண்டோஸ் 2000 அதைச் செய்தது, லதா எழுத்துருவையும் கூடவே தந்தது. தமிழ் எழுத்து ஒரு மென்பொருளின் தனிச்சொத்தாக இருந்த நிலை மாறத் தொடங்கியது அங்கே.

யூனிக்ஸ் விற்பனைக்கு வந்துவிட்ட 1980களில் மூலநிரல் தட்டுப்பாடானது. மாசசூசெட்ஸ் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன், ஜெராக்ஸ் அச்சுப்பொறியின் நிரலைத் திருத்த மூலநிரல் கிடைக்காமல் எரிச்சலடைந்தவர். யூனிக்ஸுக்கு நிகரான கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக 1983 செப்டம்பரில் அறிவித்தார். திருத்தி, தொகுத்து, ஓட்டத் தேவையான கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. கெர்னல் மட்டும் கூடிவரவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் பாடம் நடத்துவதற்காக 1987இல் மினிக்ஸ் என்ற சிறு யூனிக்ஸை எழுதினார். அதைத் தன் 386 கணினியில் ஓட்டிப் பார்த்த ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991இல் தானே ஒரு கெர்னல் எழுதி, வெறும் பொழுதுபோக்கு என்ற முன்னறிவிப்போடு வெளியிட்டார். 1992இல் அதை ஸ்டால்மனின் பொது உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். யார் திருத்தினாலும் திருத்தத்தோடு பகிரப்படும்போது மூலநிரலும் போக வேண்டும் என்ற அந்த நிபந்தனையில்லாமல், லினக்ஸ் இன்னொரு மாணவர் பயிற்சியாகவே முடிந்திருக்கக்கூடும். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸில் ஓடுகின்றன.

கெர்னலையும் கருவிகளையும் சேர்த்துக் கட்டி வெளியிடும் தொகுப்புகளில் டெபியன் 1993இலும், அதன் மேல் எழுந்த உபுண்டு 2004இலும் வந்தன. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியனின் மேல் அமைத்த பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே இயந்திரத்தில் மாணவர் கைக்குச் சென்றன. எதில் விழிப்பது என்று தொடக்கத்திலேயே திரை கேட்கும். பெரும்பாலோர் விண்டோஸையே தேர்ந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். என்றாலும் இயங்குதளம் என்பது ஒன்றல்ல, தேர்ந்தெடுக்கக்கூடியது என்று பல கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் திரைதான் முதலில் காட்டியது. 2018இல் வந்த பதினோராம் வகுப்புப் பாடநூலில் விண்டோஸும் உபுண்டுவும் அருகருகே பாடமாயின.

கைப்பேசிகளும் யூனிக்ஸின் வாரிசுகளே. ஆப்பிள் 1996இல் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கியபோது அதன் பெர்க்லி வழி யூனிக்ஸும் உடன் வந்தது. அது 2001இல் மேக் கணினிகளுக்கும், 2007இல் ஐபோனுக்கும் அடித்தளமானது. 2008இல் முதல் கருவியோடு வந்த ஆண்ட்ராய்டு லினக்ஸ் கெர்னலின் மேல் நிற்கிறது. ஒரே இயந்திரத்தை முப்பது பேர் பகிர்ந்த காலத்தில், ஒருவர் கோப்பை மற்றவர் தொடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு பயனர் எண். கைப்பேசிக்கு ஒரே ஆள்தான் சொந்தக்காரர். அங்கே அந்த எண்ணுக்கு வேலையில்லை என்று தோன்றலாம். ஆண்ட்ராய்டு அதை நிறுவப்படும் செயலிகளுக்குக் கொடுத்தது. பணம் அனுப்பும் செயலி ஒரு பயனர், விளையாட்டு இன்னொரு பயனர். ஒன்றின் கோப்பை மற்றொன்று திறக்க முயன்றால், 1970களின் டெலிடைப்பில் அடுத்தவர் கோப்பைத் திறக்கப் பார்த்தவருக்குக் கிடைத்த அதே மறுப்பைத்தான் கெர்னல் கொடுக்கிறது.